பிள்ளையின் படகுக்கு நீங்கள் பாய் கட்டாதீர்கள்

சென்னையில் சிறுவர் சிறுமியருக்குப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கரையில் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். பத்து வயதுப் பிள்ளை தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கும். அப்பா வியர்க்க விறுவிறுக்க, மணலில் முழங்காலிட்டு, பிள்ளையின் படகுக்குப் பாய் கட்டிக்கொண்டிருப்பார். அன்பினால்தான் செய்கிறார். பயிற்சி நேரம் வீணாகிவிடக் கூடாதே என்ற கவலையும் இருக்கும். ஆனாலும் இந்த ஒரு பழக்கத்தைப் பெற்றோர் விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ஒரு மாணவனின் படகை அவன் அப்பா தயார் செய்திருந்தார். நான் ஒரு சுற்று வந்து பார்த்தேன். பாய் சுருக்கமில்லாமல் அழகாக நின்றது. பாய்மரத்தின் அடியில் குனிந்து பார்க்காமல் போய்விட்டேன். அந்தத் தவறு என்னுடையது; இன்றும் உறுத்துகிறது. கடலில் படகு கவிழ்ந்தது. கவிழ்வது இந்தப் படகுகளுக்கு இயல்பு, அதற்காக யாரும் பதற வேண்டியதில்லை. ஆனால் அன்று கவிழ்ந்த கையோடு பாய்மரம் அது நிற்கும் குழியிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மரத்தைப் பிடித்து வைக்கும் பூட்டை யாரும் இறுக்கவில்லை. படகு ஒரு பக்கம், மரமும் பாயும் ஒரு பக்கம், நடுவில் பாய்க்கயிறு பையனின் காலைச் சுற்றிக் கிடந்தது. காப்புப் படகு அருகிலேயே இருந்ததால் உடனே அவனைத் தூக்கிவிட்டோம். கரைக்கு வந்ததும் அவன் கேட்டான்: "மாஸ்டர், மரம் எப்படி வெளியே வந்தது?" அங்கே ஒரு பூட்டு இருப்பதே அவனுக்குத் தெரியாது. அதை அவன் கை ஒருநாளும் தொட்டதில்லை.

எங்கள் சிறுவர்கள் ஓட்டுவது ஆப்டிமிஸ்ட். 1947-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், கிளியர்வாட்டர் என்ற ஊரில், கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்காக வடிவமைத்த படகு. எட்டடி ப்ளைவுட் பலகையை வெட்டிச் செய்யும்படி வரைந்ததால்தான் அதன் அணியம், அதாவது முன்முனை, கூர்மையாக இல்லாமல் சப்பையாக இருக்கிறது. இன்று கண்ணாடி இழையில் செய்கிறார்கள். நீளம் 2.36 மீட்டர், வெறும் படகின் எடை 35 கிலோ. ஒரு பிள்ளை தன் கையால் முழுவதையும் பூட்டி, அவிழ்த்து, கழுவி வைக்க முடியும். அப்படித் தானே செய்துகொள்வதற்கென்றே அமைந்த படகு இது.

முதலில் காற்றுப் பைகள். பக்கவாட்டில் இரண்டு, பின்னால் ஒன்று, ஆக மூன்று. படகு நிறையத் தண்ணீர் ஏறினாலும் அது மூழ்காமல் மிதப்பது இவற்றால்தான். பாய் நன்றாக நிற்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள்; பைகளை அமுக்கிப் பார்ப்பவர் குறைவு. பையை ஊதி, மூடியைத் திருகி, பட்டைகளை இறுக்கிவிட்டு அன்றிரவு அப்படியே விட்டுவிட வேண்டும். காலையில் கட்டைவிரலால் அழுத்தினால் எதிர்த்துத் தள்ள வேண்டும். குழைந்து கொடுத்தால் எங்கோ கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். நம் ஊர் வெயிலுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பையை விறைப்பாக ஊதிப் படகைத் திறந்த வெயிலில் போட்டால் உள்ளே காற்று விரிந்து தையல் விட்டுவிடும். நிழலில் வையுங்கள், அல்லது மேலே துணி போர்த்துங்கள்.

அடுத்து பாயை மரத்தோடும், பாயின் அடியை விரித்துப் பிடிக்கும் கிடைக்கோலான பூமோடும் கட்டும் சிறு கயிறுகள். இங்கேதான் பெரியவர்களின் கை அதிகமாக உள்ளே வருகிறது; பிள்ளையின் விரல் மெதுவாகத்தானே முடிச்சுப் போடும்? பாய்க்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி 10 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது இந்தப் படகின் விதி. பத்து வயதுப் பிள்ளையின் சுண்டுவிரல் கனம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் அளவுகோல் வேண்டாம், அந்தச் சுண்டுவிரலே போதும். ஒவ்வொரு முடிச்சின் அருகிலும் அந்த இடைவெளியில் விரலை நுழைத்துப் பார்க்கச் சொல்வேன். ஒரு முடிச்சு மட்டும் தளர்ந்திருந்தால் அதன் பாரம் பக்கத்து முடிச்சுக்குப் போகும், நாளடைவில் அங்கே துணி கிழியும். பாயின் மேல் முன்மூலைக் கட்டு எல்லாவற்றிலும் முக்கியம். அது நழுவினால் பாய் முழுவதும் கீழே வழுக்கிவிடும். கயிற்றின் இரு நுனிகளையும் சேர்த்துப் போடும் ரீஃப் முடிச்சைக் கற்றுக்கொண்ட பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள். முதல் வாரங்களில் முக்கால் மணி நேரம் ஆகும். இரண்டு மாதம் போனால் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். அந்த முக்கால் மணி நேரமும் பயிற்சிதான்.

மரத்தைக் குழியில் இறக்கியதும் அடிப்பூட்டை இறுக்கி, மரத்தை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அசையக் கூடாது. மேலே நான் சொன்ன சம்பவத்துக்குப் பிறகு, என்னிடம் பயிலும் ஒவ்வொரு பிள்ளையும் இதைச் செய்துவிட்டு "மரம் பூட்டியாயிற்று" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாத படகு தண்ணீரில் இறங்காது.

பாயின் மேல் பின்மூலையைத் தாங்கிக் குறுக்கே நிற்கும் கோலுக்கு ஸ்பிரிட் என்று பெயர். அதன் கயிற்றை எவ்வளவு இழுப்பது என்பதைப் பாயே சொல்லிவிடும். முன்பக்க மேல்மூலையிலிருந்து பின்பக்கக் கீழ்மூலைக்குச் சாய்வாக மடிப்பு ஓடினால் கயிறு தளர்ந்திருக்கிறது, இன்னும் இழுக்க வேண்டும். பின்பக்க மேல்மூலையிலிருந்து முன்பக்கக் கீழ்மூலைக்கு மடிப்பு ஓடினால் அதிகமாக இழுத்துவிட்டோம். இந்த இரண்டு மடிப்பையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளை கடலிலும் தன் பாயைத் தானே சரிசெய்துகொள்ளும். திடீரென்று காற்று முறுகினால் ஸ்பிரிட்டை உருவிவிட வேண்டும். பாயின் மேல்பாதி மடிந்து படகு அடங்கிவிடும். எந்தக் கயிற்றை அவிழ்க்க வேண்டும் என்பது, அதைக் கட்டிய கைக்குத்தான் அந்த அவசரத்தில் நினைவுக்கு வரும்.

சுக்கானை மாட்டியதும் அதன் பிடிப்புத் தகடு சொடுக்கிக்கொண்டதா என்று கீழிருந்து தூக்கிப் பார்க்க வேண்டும். தகடு பிடிக்காவிட்டால், படகு தலைகீழாகும்போது சுக்கான் தானாகக் கழன்று போய்விடும். படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகையை ரப்பர் கயிற்றால் கட்டியாக வேண்டும். கவிழ்ந்த படகை நிமிர்த்தப் பிள்ளை ஏறி நிற்பது அந்தப் பலகைமேல்தான். தண்ணீர் இறைக்கும் குவளையைப் படகோடு கட்டுங்கள். பாயை இழுத்துப் பிடிக்கும் பாய்க்கயிற்றின் நுனியில் எட்டு வடிவ முடிச்சு ஒன்று இருக்கட்டும். அந்தக் கயிற்றை எந்தக் காரணம் கொண்டும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. லைஃப் ஜாக்கெட்டைத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கினால் அது காதுவரை ஏறி வரக் கூடாது. வளர்ந்த பிறகு போட்டுக்கொள்ளட்டும் என்று பெரிய அளவில் வாங்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

காற்றின் திசையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். பாய் கட்டும்போது படகின் அணியம் காற்றுக்கு நேராக இருக்க வேண்டும். அப்போதுதான் பாய் காற்றை வாங்காமல் கொடிபோல ஆடும். சென்னையில் கோடைக் காலையில் நிலத்திலிருந்து மேற்குக் காற்று அடிக்கும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று திரும்பி வரும். காலையில் மேற்கே முகம் வைத்துப் பூட்டிய படகு, அப்போது காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். ஒருமுறை இப்படித்தான் சாப்பாட்டு நேரத்தில் காற்று சட்டென்று மாற, வரிசையாக நின்ற படகுகளில் ஒன்றின் பூம் வீசியடித்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமியின் புருவத்தைக் கிழித்தது. மூன்று தையல். கடலில் கால்கூட நனையாத நேரத்தில் வந்த காயம் அது. அன்றிலிருந்து, கரையில் படகு நிற்கும்போது ஸ்பிரிட்டைத் தளர்த்தி, பாயைச் சுருட்டிக் கட்டாமல் யாரும் சாப்பிடப் போவதில்லை.

பதினைந்து வயதோடு ஆப்டிமிஸ்ட் முடிந்துவிடும். அடுத்து பெரும்பாலோர் ஏறுவது, முன்பு லேசர் என்று அழைத்த இல்கா. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓட்டியது இந்த வகைப் படகைத்தான். இதன் உடல் உள்ளே கூடாக இருக்கும். பின்புறத்தில் உள்ள சிறு அடைப்பானைத் திருக மறந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து, கரையில் யாருக்கும் தெரியாமல் படகு கனத்துக்கொண்டே போகும். மரம் இரண்டு துண்டு. சேர்த்து நிறுத்தினால் ஏறத்தாழ 6 மீட்டர் உயரம். பாயோடு அதை நிமிர்த்துவதற்கு முன்னும், படகைத் தள்ளு வண்டியில் நகர்த்துவதற்கு முன்னும் தலையை உயர்த்தி மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அப்படியென்றால் பெற்றோர் என்னதான் செய்வது? அணியத்தைக் காற்றுக்கு நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். அது பிள்ளைக்கு உண்மையிலேயே தேவைப்படும் உதவி. மற்றபடி கேள்வி கேளுங்கள்: "பையை அமுக்கிப் பார்த்தாயா? சுக்கான் சொடுக்கியதா?" பதில் தெரியாமல் விழித்தால் என்னைக் கூப்பிடுங்கள். முடிச்சு கோணலாக இருந்தாலும் கையை நீட்டாதீர்கள்.

சென்ற மாதம் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கடலில் சட்டென்று படகைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினாள். பாயில் அந்தச் சாய்வு மடிப்பு தெரிந்தது. காப்புப் படகை அவள் பக்கம் திருப்பச் சொன்னேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஸ்பிரிட் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு அவள் கிளம்பியிருந்தாள். கரைக்கு வந்தபின் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "கயிறு நழுவிவிட்டது மாஸ்டர், கட்டிவிட்டேன்" என்று சொல்லிவிட்டு, பாயை நல்ல தண்ணீரில் அலசக் குழாயடிக்குப் போனாள்.