வேலைக்குப் போனால் நின்றுவிடும் இருமல்

நீராவி எஞ்சின் மாடல் செய்பவர்களிடம் உடல்நலம் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது காரீயம்தான். "சால்டரில் காரீயம் இருக்கிறது, புகை உள்ளே போனால் ஆபத்து, அதனால் காரீயம் இல்லாத லெட்-ஃப்ரீ வாங்கிவிட்டேன்" என்பார்கள். சால்டர் என்பது உலோகத் துண்டுகளைச் சேர்க்க உருக்கி வைக்கும் கலவை. சொல்லும்போதே முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். எனக்குக் கவலை தருவது அந்த நிம்மதிதான்.

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் தொழில்சார் நுரையீரல் நோய்களைப் பார்க்கும் மருத்துவன் நான். கார் பெயின்டர்கள், பேக்கரித் தொழிலாளர்கள், எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் சால்டர் செய்பவர்கள் வழக்கமாக வருவார்கள். இவர்களுக்கு நடுவே, அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவர் அதே நோயோடு வந்து நிற்பார். விசாரித்தால் வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு மேசை, மேசைமேல் பாதி முடிந்த பித்தளை எஞ்சின். ஆலைக்குள் இந்தப் பொருள்களைக் கையாள 2002-ஆம் ஆண்டுச் சட்டவிதிகள் இங்கே உண்டு. புகையை உறிஞ்சும் குழாய் வைக்க வேண்டும், தேவைப்பட்டால் தொழிலாளியின் மூச்சைப் பரிசோதிக்க வேண்டும். மாடி அறைக்கு அந்தச் சட்டம் ஏறி வராது.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக. கிட் என்பது பெட்டிக்குள் வரும் தகடுகள். பித்தளை அல்லது நிக்கல் சில்வர் தகட்டை அமிலத்தால் அரித்து, பாகங்களை அதில் வெட்டியிருப்பார்கள். தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மடித்து, வளைத்து, சால்டர் வைத்துச் சேர்க்க வேண்டும். புகைபோக்கி, குவிமாடம் போன்றவை பித்தளை வார்ப்பாகவோ, குறைந்த சூட்டிலேயே உருகும் வொயிட்மெட்டல் என்ற கலவையின் வார்ப்பாகவோ இருக்கும். பிரிட்டனில் அதிகம் பேர் கட்டுவது ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற அளவில், 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு. முடிந்தால் ஏறத்தாழ ஒரு சாண் நீள எஞ்சின். அந்த ஒரு சாணுக்குப் பல மாத வேலை இருக்கிறது. ஆகவே நாம் பேசுவது ஒருநாள் புகையைப் பற்றி அல்ல.

இப்போது காரீயத்துக்கு வருவோம். அது 327 டிகிரி செல்சியஸில் உருகும், ஆனால் கொதிக்க 1,749 டிகிரி வேண்டும். சுமார் 500 டிகிரிக்குக் கீழே கவலைப்படும் அளவுக்கு அதிலிருந்து ஆவி எழுவதில்லை. சால்டரிங் அயர்னின் முனை 350, 400 என்ற அளவில் இருக்கும். அப்படியானால் கண்ணெதிரே சுருண்டு மேலே வருகிற வெள்ளைப் புகை எது? ஃபிளக்ஸ், அதாவது சால்டர் நன்றாகப் பிடிக்க உலோகத்தைச் சுத்தமாக்கும் பொருள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கும் சால்டர் கம்பியின் நடுவே ரோசின் நிரப்பியிருப்பார்கள், பைன் மரப் பிசினிலிருந்து எடுப்பது. அது சூட்டில் சிதைந்து எழும் புகை, தொழில்சார் ஆஸ்துமாவின் முக்கியக் காரணங்களில் ஒன்று. மாடல் செய்பவர் சின்ன பாகத்தைக் கூர்ந்து பார்க்க முகத்தை நேராக அதன் மேலே கொண்டுபோகிறார். புகையும் நேராக மேலேதான் வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், வெள்ளீயமும் காரீயமும் கலந்த 60/40 சால்டர் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். லெட்-ஃப்ரீ வகைகள் பெரும்பாலும் 217-லிருந்து 227 டிகிரி கேட்கும். அதற்காக முனைச் சூட்டைக் கூட்டுகிறோம், சூடு கூடக்கூட ஃபிளக்ஸ் புகையும் கூடுகிறது. காரீயத்துக்குப் பயந்தவர் ரோசினை இன்னும் அதிகமாக வாங்கிக்கொள்கிறார்.

பித்தளைக் கிட்டுக்கு ரோசின் தேவையே இல்லை. உள்ளே ஒன்றும் நிரப்பாத சால்டர் கம்பியும், பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவ ஃபிளக்ஸும் போதும். அதன் ஆவியும் மூக்கைக் கரிக்கும், கண்ணில் தெறித்தால் தொல்லைதான். ஆனால் ரோசினைப் போல ஆஸ்துமாவைக் கிளப்பும் பொருள் அல்ல. வேலை முடிந்ததும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும், கழுவாவிட்டால் பச்சை பூத்து பிறகு பெயின்ட் உரிந்துவிடும். இது மருத்துவம் இல்லை, நல்ல வேலைக்காரர்கள் எப்படியும் செய்வதுதான். மேசையின் பின்பக்கம் ஒரு சின்ன ஃபேன் வைத்து, காற்றை உங்களிடமிருந்து இழுத்து ஜன்னல் வழியே வெளியே தள்ளுங்கள். தலைக்கு மேலே சுழலும் சீலிங் ஃபேன் புகையை அறை முழுக்கப் பரப்புவதோடு சரி.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மென்பொருள் துறையில் இருக்கும் தமிழர். இரவில் இருமல், விடியற்காலையில் மூச்சு இழுப்பு. இன்ஹேலர் கொடுத்தும் முழுசாக அடங்கவில்லை. வேலை காரணமாக இருக்குமோ என்று பார்க்க மருத்துவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வியை அவரிடமும் கேட்டிருந்தார்கள்: "லீவு நாளில் குறைகிறதா?" இல்லை என்றிருக்கிறார். அதோடு கோப்பு மூடப்பட்டது.

என்னிடம் வந்தபோது அவரே ஒன்று சொன்னார். "டாக்டர், சொன்னா சிரிப்பீங்க. எனக்கு வேலைக்குப் போனா நல்லாருக்கு. லீவு விட்டாத்தான் இழுக்குது." நான் சிரிக்கவில்லை. சனி, ஞாயிறு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முகம் மலர்ந்து ஃபோனில் படங்களைக் காட்டத் தொடங்கிவிட்டார். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் டேங்க் எஞ்சின், புகைபோக்கியின் செப்பு வளையம் பளபளக்க. அழகான வேலை. மூன்றாவது படத்தில் மேசை தெரிந்தது, மேசைமேல் ரோசின் கம்பிச் சுருள் இருந்தது.

ஆலைத் தொழிலாளிக்கு வாரக் கடைசியில் மூச்சு தெளியும். பொழுதுபோக்காகச் செய்பவருக்கு வாரக் கடைசியில்தான் கெடும். நாங்கள் பாடத்தில் படித்த கேள்வி இவர்களைத் தப்பவிட்டுவிடுகிறது. இன்னொரு சிக்கல், இந்த ஆஸ்துமா பெரும்பாலும் புகைக்கு அருகில் இருக்கும்போதே வராது. பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில் வரும். மதியம் சால்டர் செய்ததையும் இரவு இருமலையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. பூனை, தூசி, குளிர் என்று எல்லாவற்றின் மீதும் பழி போகும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு சின்னக் குழாய், விலை அதிகமில்லை. தினமும் குறைந்தது நான்கு முறை ஊதி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும், சில வாரங்களுக்கு. எந்த நாளில் எந்த வேலை என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். அந்த நண்பரின் தாளில் ஞாயிறும் திங்களும் பள்ளமாக விழுந்திருந்தன. சீக்கிரம் விலகினால் பலர் நன்றாகத் தேறுகிறார்கள். தொடர்ந்துகொண்டே இருந்தால், பிறகு கொஞ்சூண்டு புகை பட்டாலும் இழுக்கும் நிலைக்கு உடல் போய்விடும். அவர் ஃபிளக்ஸை மாற்றினார், புகையை வெளியேற்ற வழி செய்தார், எஞ்சினையும் முடித்தார்.

அப்படியானால் காரீயத்துக்குப் பயமே வேண்டாமா? வேண்டும், ஆனால் அது மூக்கு வழியாக அல்ல, கை வழியாக வருகிறது. வொயிட்மெட்டல் வார்ப்புகள் பலவற்றில் காரீயம் உண்டு. அரத்தால் ராவும்போது சாம்பல் நிறத் தூள் விரலில் ஒட்டும். அதே கையால் பிஸ்கட். கீபோர்டில் படும், குழந்தையின் கன்னத்தில் படும். குழந்தைகளுக்குக் காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேசையில் டீ வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். தூளை ஊதவோ பெருக்கவோ செய்யாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். சாப்பாட்டு மேசையிலேயே கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வேறு இடம் பாருங்கள்.

எஞ்சினுக்கு எடை சேர்க்க பாய்லருக்குள் காரீயக் குண்டுகளைப் போட்டு பிவிஏ பசையால் ஒட்டும் பழக்கம் ஒன்று உண்டு. பசையிலிருந்து வரும் அசெட்டிக் அமிலம் காரீயத்தை மெல்ல அரித்து வெள்ளைத் தூளாக்கும். தூள் உப்பும். சில வருடங்களில் பாய்லரின் தையல் பிரிந்து எஞ்சின் வெடித்தாற்போல் நிற்கும். அதைத் திறந்து சுத்தம் செய்ய உட்கார்ந்தால், கொட்டுவது காரீய கார்பனேட். எபாக்சியால் ஒட்டியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய எனாமல் டப்பாக்களின் மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் லெட் குரோமேட் இருக்கலாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1920-களில் கடிகார முகப்புக்கு ரேடியம் பூசிய பெண்கள் இதே பழக்கத்தால்தான் தாடை எலும்பு அழுகி இறந்தார்கள். பொருள் வேறு, வாய் அதேதான்.

காரீயத்தைவிட எனக்கு அதிகப் பயம் கேட்மியம். குறைந்த சூட்டில் உருகும் சில சால்டர்களில் இது இருக்கிறது. 70 டிகிரியில் உருகும் வுட்ஸ் மெட்டல் கலவையில் பத்தில் ஒரு பங்கு கேட்மியம். வொயிட்மெட்டல் பாகங்களைப் பித்தளையில் ஒட்ட இந்த வகை சால்டர் வேண்டும், அதனால் முற்றாகத் தவிர்க்கச் சொல்ல மாட்டேன். கேட்மியம் இல்லாததும் கிடைக்கிறது, விவரத்தாளைப் பார்த்து வாங்குங்கள், இருப்பதை அயர்னின் சூட்டைத் தணித்துப் பயன்படுத்துங்கள். நெருப்புச் சுவாலை மட்டும் காட்டவே கூடாது. உண்மையான நீராவியில் ஓடும் மாடலுக்குச் செப்பு பாய்லர் கட்டுபவர்கள் சில்வர் சால்டர் வைப்பார்கள், அங்கே சூடு 600 டிகிரியைத் தாண்டும். கேட்மியம் கொதிப்பது 767 டிகிரியில். ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் இத்தகைய பற்றவைப்புக் கம்பிகளில் கேட்மியத்தைத் தடை செய்தது. ஆனால் தாத்தா விட்டுப்போன டிராயரில் பழைய கம்பி இருந்தால் அதைத் தடை செய்ய யாரும் வரப்போவதில்லை. பேர் தெரியாத பழைய சில்வர் சால்டரைப் பற்றவைக்காதீர்கள். செய்த அன்று இரவு குளிர்காய்ச்சல், உடல்வலி, நெஞ்சு இறுக்கம் என்று வந்தால் ஃப்ளூ என்று படுத்துவிடாதீர்கள். அது நுரையீரல் புண்ணாகும் தொடக்கமாக இருக்கலாம், உயிரையே வாங்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போய் கேட்மியம் என்று சொல்லுங்கள்.

இனி பெயின்ட். கட்டும் வேலையைவிட இங்கேதான் தவறான நம்பிக்கைகள் அதிகம்.

முதலாவது, "தண்ணீர் பெயின்ட்தானே". அக்ரிலிக் பெயின்டில் கரைப்பான் குறைவு, சரி. ஆனால் 0.2, 0.3 மில்லிமீட்டர் துளையுள்ள ஏர்பிரஷ் அதை மூடுபனியாக்குகிறது. அதில் மிக நுண்ணிய துளிகள் நுரையீரலின் அடிவரை போகும். நிறமியும் பசையும் சேர்ந்தேதான் போகும்.

இரண்டாவது மாஸ்க். கோவிட் நாட்களில் வாங்கிய என்95 மிச்சம் இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு செல்லுலோஸ் பெயின்ட் அடிப்பார்கள். அது துகளைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கார்பன் நிரப்பிய கார்ட்ரிட்ஜ் வேண்டும். ஐரோப்பிய வகைகளில் பழுப்புப் பட்டை போட்டு ஏ என்று குறித்திருக்கும், ஏ2பி3 (A2P3) என்றால் ஆவி, துகள் இரண்டுக்கும். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும்.

மூன்றாவது, சென்னை, கோவை நண்பர்களுக்கு. மழைக்காலத்தில் ஈரக்காற்றால் பெயின்ட் வெளிறிப்போகும் என்று அறையைச் சாத்தி ஏசி போட்டு ஸ்ப்ரே செய்கிறார்கள். ஸ்ப்ளிட் ஏசி பொதுவாக வெளிக்காற்றைக் கொண்டுவராது, அறைக்குள் இருப்பதையே சுற்றிச்சுற்றிக் குளிர வைக்கும். தின்னர் ஆவி அப்படியே உள்ளே நிற்கும், அதே அறையில் பிறகு படுத்துத் தூங்குவார்கள். வெளியேற்றும் குழாயுள்ள ஸ்ப்ரே பூத் இல்லாவிட்டால் மழை விடும்வரை காத்திருங்கள். பூத் வாங்கும்போது மோட்டார் ஆவி போகும் வழியில் இல்லாததாகப் பாருங்கள், ஒரு பொறி போதும் தீப்பிடிக்க.

இவை எல்லாவற்றையும் கவனமாகச் செய்தால் வீட்டிலேயே செய்யலாம். ஒன்றை மட்டும் செய்யவே கூடாது என்பேன்: ஐசோசயனேட் என்ற இறுக்கும் ரசாயனம் உள்ள, இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பெயின்டும் வார்னிஷும். கார் பெயின்ட் கடையில் 2கே என்று கேட்டு வாங்குவது. கண்ணாடிபோலப் பளபளப்பு வரும் என்பதால் பெரிய அளவு எஞ்சின் கட்டுபவர்களுக்கு இதன்மேல் ஆசை. கார் ஸ்ப்ரே பெயின்டர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 80 மடங்கு என்று பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. இங்கே வேலையிடத்தில் அனுமதித்த எட்டு மணி நேரச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றுக்கு 0.02 மில்லிகிராம். அந்த அளவு எட்டியதை மூக்கு உங்களுக்குச் சொல்லாது. இதற்குக் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போதாது, வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தக் காற்று தரும் முகமூடிதான் ஆலையில் போடுகிறார்கள். மாடி அறையில் யாரிடம் இருக்கிறது அது? என் கிளினிக்கில் வேலையை விட்டு நிற்கும் பெயின்டர்களைப் பார்த்தபின் ஒரு பளபளப்புக்காக இதைச் செய்யலாம் என்று என்னால் சொல்ல முடியாது. பித்தளைக்கு அடிக்கும் எட்ச் பிரைமர்களிலும் இரட்டை டப்பா வகை உண்டு. அவை எல்லாமே ஐசோசயனேட் அல்ல, லேபிளில் எழுதியிருக்கும். ஆனால் பழைய மஞ்சள் பிரைமரில் ஜிங்க் குரோமேட் இருக்கலாம், அது புற்றுநோய் உண்டாக்குவது. தயங்காமல் ஒதுக்குங்கள்.

சில்லறை விஷயங்கள் சில. சூப்பர் க்ளூவைப் பஞ்சால் துடைக்காதீர்கள், பஞ்சு சூடேறித் தோலைச் சுட்டுவிடும். இப்போது பாகங்களை 3டி பிரின்டரில் அச்சிடுகிறார்கள், இறுகாத ரெசின் தோல் ஒவ்வாமையைக் கொடுக்கும், நைட்ரில் கையுறை போடுங்கள். மினி ட்ரில்லில் வெட்டும் வட்டு உடைந்து பறக்கும், கண்ணாடி அணியுங்கள். ஊரில் சிலர் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் துண்டைச் சூடு தாங்கும் பலகையாக வைத்திருக்கிறார்கள். நிஜ நீராவி எஞ்சின்களின் பாய்லரைப் போர்த்தியது ஆஸ்பெஸ்டாஸ்தான். இங்கிலாந்தின் ஸ்விண்டன் ரயில் பணிமனையில் வேலை பார்த்தவர்கள் பலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து மீசோதீலியோமா என்ற நுரையீரல் உறைப் புற்றுநோய் வந்தது. மாடலுக்குச் செராமிக் பலகை வாங்கிக்கொள்ளலாம், விலை கொஞ்சம்தான்.

மூச்சுத் தொல்லையோடு மருத்துவரிடம் போகிறவர்கள், என்ன வேலை என்று அவர் கேட்டால் அலுவலக வேலையை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ஃபிளக்ஸ், சால்டர், பெயின்ட், தின்னர், பசை ஒவ்வொன்றின் லேபிளையும் படமெடுத்துக் கொண்டுபோங்கள். எஞ்சின் படங்கள் இருந்தால் அவற்றையும் காட்டுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.