ஃபிரிட்ஜ் ஒழுகுகிறதா? தண்ணீர் தேங்கும் இடத்தை முதலில் பாருங்கள்

பழுதில்லாத ஃபிரிட்ஜுக்குள்ளும் தினமும் தண்ணீர் சேர்கிறது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அது 4 டிகிரிக்குக் குளிர்ந்தால் 6 கிராமுக்குச் சற்று மேல்தான் தங்கும். மீதி தண்ணீராகவோ பனியாகவோ படிந்துவிடும். 250 லிட்டர் ஃபிரிட்ஜில் உள்காற்று ஒரு முறை முழுதாக மாறினால் ஏறத்தாழ நாலரை கிராம் தண்ணீர் சேரும். அடிக்கடி திறந்து மூடும் வீட்டில் இது நாளொன்றுக்கு ஒரு சிறு குவளை அளவை எட்டலாம்.

இந்தத் தண்ணீர் வெளியேற ஒரு வழி உண்டு. ஃபிராஸ்ட் ஃப்ரீ (தானே பனி உருக்கும்) வகையில், ஃபிரீசரின் பின்பலகைக்குள் மறைந்திருக்கும் கூலிங் காயில் (குளிர்ச்சி தரும் குழாய்ச் சுருள்) மீது ஈரம் பனியாகப் படிகிறது. சில மணி நேரத்துக்கு ஒரு முறை கம்ப்ரசர் நின்று, ஒரு ஹீட்டர் சூடாகி அந்தப் பனியை உருக்கும். உருகிய நீர் கீழேயுள்ள பள்ளத்தில் விழுந்து, துளை வழியே குழாயில் இறங்கி, பின்பக்கம் கம்ப்ரசர் அருகிலுள்ள தட்டில் சேரும். அந்தச் சூட்டில் ஆவியாகிவிடும். தரையில் தண்ணீர் நிற்கிறதென்றால், பெரும்பாலும் இந்த வழியில் எங்கோ தடை.

எங்கே என்பதை ஈரம் காணும் இடமே சொல்லிவிடும். ஃபிரீசர் தரையில் பனித்தகடும், காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீரும் இருந்தால் வடிகால் துளை அடைத்திருக்கிறது. மிக அதிகம் காணும் பழுது இதுதான். உள்ளே உலர்ந்திருந்து பின்பக்கத் தரை மட்டும் நனைந்தால், தட்டில் விரிசல் விட்டிருக்கலாம், அல்லது குழாய் தட்டை விட்டு விலகியிருக்கலாம். குடிநீர்க் குழாய் இணைத்த மாடலில் ஒழுக்கு நிற்காமல் தொடர்ந்தால், முதலில் அதன் வால்வை மூடிவிட்டு இணைப்புகளையும் ஃபில்டரின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள்.

அடைப்பை எடுப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பொருட்களை வேறிடத்துக்கு மாற்றி, கதவைத் திறந்து வைத்து, பனி தானாக உருகும்வரை காத்திருங்கள். சில மணி நேரம் ஆகும். கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ கொண்டு பனியைப் பெயர்க்கவே கூடாது: காயிலில் ஓட்டை விழுந்தால் உள்ளே ஓடும் குளிரூட்டும் வாயு முழுதும் போய்விடும். இன்றைய பல ஃபிரிட்ஜ்களில் அந்த வாயுவாக உள்ள ஐசோபியூட்டேன் தீப்பற்றக்கூடியதும்கூட.

காயிலுக்குக் கீழே உள்ள வடிகால் துளை தெரிந்ததும், ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, 50 மில்லி வீதம் மெல்லச் செலுத்துங்கள். கொதிநீர் வேண்டாம், உட்புற பிளாஸ்டிக் வளைந்துவிடும். நீர் எதிர்த்து வந்தால், முனை மழுங்கிய, வளையும் நைலான் கம்பியைப் பக்குவமாக உள்ளே விட்டு அசையுங்கள். பிறகு ஒரு குவளை வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்றினால் வழுவழுப்பும் வாடையும் போகும். ஊற்றிய நீர் பின்பக்கத் தட்டுக்கு வந்து சேர்கிறதா என்று பார்த்த பிறகே பிளக்கை மாட்டுங்கள். சில மாடல்களில் குழாயின் கடைசியில் ஒரு சிறு ரப்பர் மூக்கு இருக்கும். அதன் பிளவில் அழுக்கு ஒட்டிக்கொண்டால் மேலே எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. கழற்றிக் கழுவி மாட்டுங்கள்.

சில வாரங்களில் மீண்டும் அடைத்தால் காரணம் வேறு. ஹீட்டரின் சூட்டைத் துளைக்குள் கடத்தும் சிறு உலோகத் துண்டு பல மாடல்களில் உண்டு. அது விழுந்துவிட்டால் துளையில் நீர் உறைந்துகொண்டே இருக்கும். காயில் முழுவதும் பனி மூடியிருந்தால் ஹீட்டர், டிஃப்ராஸ்ட் தெர்மோஸ்டாட் (பனி உருக்கும் சூட்டைக் கட்டுப்படுத்தும் பாகம்), டைமர் அல்லது ஃபிரிட்ஜின் மின்னணு போர்டில் கோளாறு. அதை மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

கதவு ரப்பரையும் சோதியுங்கள். ஒரு தாளை இடுக்கில் வைத்து மூடி இழுத்தால் பிடிப்புடன் வரவேண்டும். தளர்வாக வந்தால் ஈரக்காற்று ஓயாமல் நுழைகிறது. ரப்பரைச் சோப்பு நீரில் துடைத்தாலே பல நேரம் பிடிப்பு திரும்பிவிடும். முன்கால்களை ஒரு சுற்று உயர்த்தி வைத்தால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

பட்டன் அழுத்திப் பனி உருக்கும் ஒற்றைக் கதவு வகையில், பனி 5 மில்லிமீட்டர் தடித்ததும் பட்டனை அழுத்திவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால், உருகும் நீர் ஒரே நேரத்தில் வந்து, தட்டு கொள்ளாமல் வழியும்.