ஆக்டிவ் என்ஜின் மவுண்ட்: கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வண்டி ஐடிலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் சீட்டும் அதிர்ந்தால், "மவுண்ட் (என்ஜினை வண்டியின் பாடியோடு பிணைத்துத் தாங்கும் பாகம்) போயிருச்சு" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. சாதாரண ரப்பர் மவுண்ட் உள்ள காரில் அது பல நேரம் சரியாகவே இருக்கும். ஆக்டிவ் மவுண்ட் உள்ள காரில் ஊகத்தின் பேரில் மாற்றினால் பணம் போகும், அதிர்வு போகாது.

மவுண்டுக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள். என்ஜினின் எடையையும், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது அது திருகிக்கொள்ளும் விசையையும் தாங்க விறைப்பாக இருக்க வேண்டும். ஐடில் அதிர்வு பாடிக்கு வராமலிருக்க மென்மையாக இருக்க வேண்டும். என்ஜினின் வெற்றிட உறிஞ்சலால் இயங்கும் வேக்கம் மவுண்டில், மின்சாரத்தால் இயங்கும் சோலினாய்டு வால்வு திறந்து மூடி, மென்மை அல்லது விறைப்பு என்ற இரண்டே நிலைகளில் ஒன்றைத் தரும். ஆக்டிவ் மவுண்ட் அப்படியல்ல. உள்ளே இருக்கும் மின்காந்தச் சுருள், என்ஜின் அதிரும் அதே வேகத்தில் திரவ அறையின் அழுத்தத்தை மாற்றி, எதிர்த்திசை விசையை உண்டாக்குகிறது.

நான்கு சிலிண்டர் என்ஜின் 750 ஆர்பிஎம்மில் ஓடும்போது வெடிப்பு அதிர்வு 25 ஹெர்ட்ஸ். வி6 என்ஜினுக்கு 1500 ஆர்பிஎம்மில் 75 ஹெர்ட்ஸ். எரிபொருளை மிச்சப்படுத்த அதில் மூன்று சிலிண்டரை அணைத்தால் 37.5 ஹெர்ட்ஸாகக் குறையும், ஒவ்வொரு துடிப்பும் பலமாகும். சிலிண்டர் அணைக்கும் என்ஜினோடு ஹோண்டா 2003இல் இன்ஸ்பயர் காரில் ஆக்டிவ் மவுண்டைச் சேர்த்ததற்குக் காரணம் இதுதான்.

பலர் கவனிக்காத விஷயம் நேரக் கணக்கு. ஒரு முழு அதிர்வுச் சுற்றை 360 டிகிரி என்று வைத்தால், எதிர்விசை சரியான அளவில் இருந்தும் 20 டிகிரி தவறி வந்தால், அதிர்வில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சிவிடும். 60 டிகிரி தவறினால் மவுண்ட் வேலை செய்யாதது போலவே இருக்கும். அதற்கும் மேலே போனால் மவுண்டே அதிர்வைக் கூட்டும். 37.5 ஹெர்ட்ஸில் 60 டிகிரி என்பது வெறும் 4.4 மில்லிசெகண்ட். என்ஜின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாரின் சிக்னல் சரியில்லை, ரப்பர் காய்ந்து கெட்டியாகிவிட்டது, திரவம் கசிந்துவிட்டது என எதுவானாலும் இந்தக் கணக்கு கெடும். ஐடிலில் ஒழுங்காக இருந்து, சிலிண்டர் அணையும்போது மட்டும் பாடி உறுமினால் முதல் சந்தேகம் இங்கேதான்.

சோதனையை மவுண்டில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாத கோளாறு) இருக்கிறதா என்று ஸ்கேனரில் பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் எரியாவிட்டால் 750 ஆர்பிஎம்மில் 6.25 ஹெர்ட்ஸ் ஆட்டம் வரும். அது உடம்பே உணரும் மெதுவான குலுக்கல். அதை அடக்குவது இந்த மவுண்டின் வேலையல்ல. பிறகு மவுண்ட் கண்ட்ரோல் யூனிட்டில் பிழைக் கோட் இருக்கிறதா என்று படியுங்கள். கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா, எண்ணெய் ஊறியிருக்கிறதா, மவுண்டுக்குக் கீழே திரவக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். சுருளின் ரெசிஸ்டன்ஸை சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவோடு ஒப்பிடுங்கள். பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்துச் சோதிப்பது வேண்டவே வேண்டாம், சுருள் கருகிவிடலாம். ஸ்கேனரில் ஆக்டிவ் டெஸ்ட் (பாகத்தை ஸ்கேனரிலிருந்தே இயக்கிப் பார்க்கும் வசதி) இருந்தால் அதில் இயக்கி, மவுண்டின் மேல் கை வைத்துத் துடிப்பை உணரலாம்.

மாற்றத்தான் வேண்டுமென்றால், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் சாதாரண மவுண்டைப் போடச் சொல்லாதீர்கள். போல்ட் துளை பொருந்தும், ஆனால் சுருள் இல்லாததால் கோட் வரும், சிலிண்டர் அணையும்போதெல்லாம் அதிர்வு தெரியும். என்ஜினைத் தூக்கும்போது ஆயில் பேனுக்கும் ஜாக்குக்கும் நடுவே அகலமான மரக்கட்டை அவசியம், இல்லாவிட்டால் பேன் நெளியும். எல்லா போல்ட்டையும் கையால் மாட்டிவிட்டு, ஜாக்கை இறக்கி, என்ஜின் தன் எடையில் உட்கார்ந்த பிறகே குறிப்பிட்ட அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். தூக்கிய நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் முறுக்கோடு நின்றுவிடும், புது மவுண்டும் முதல் நாளே அதிர்வைக் கடத்தும்.