படியேறும் ரம்பம்தான் விரலைக் காக்கும்

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் மேட்டில் ஒரு வீடு. சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே நாற்பதுக்கு மேல் படி ஏற வேண்டும். இரண்டு ஜன்னலுக்கு பீடிங் (ஓரத்தில் அடிக்கும் மெல்லிய மரப்பட்டி), ஒரு புத்தக அலமாரிக்குச் சட்டம். ஒரு பகல் வேலைதான். என்னிடம் அப்போது 12 அங்குல பிளேடு போட்ட, தலை தண்டில் முன்னும் பின்னும் ஓடுகிற பெரிய மைட்டர் ரம்பம் (மரத்தை வேண்டிய கோணத்தில் அறுக்கும் இயந்திரம்) இருந்தது. எடை 27 கிலோ. அதைச் சுமந்து ஏற மனம் வரவில்லை. தக்கலைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு, மரம் அறுக்கும் பிளேடு மாட்டிய மார்பிள் கட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

உடன் வந்த தம்பி பீடிங்கைக் கையால் அழுத்திப் பிடித்தான். நான் 45 டிகிரிக்குக் கோடு போட்டு அறுத்தேன். "அண்ணே, பிடி நழுவுகிறது" என்றான். நான் விசையை விடுவதற்குள் பிளேடு மரத்தில் இறுகி, கட்டர் பின்னால் உதைத்தது. அவனுடைய இடது கட்டைவிரலில் ஐந்து தையல். நரம்பு தப்பியது. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது மனத்தை அறுத்தது ஒன்றுதான்: பாதுகாப்பான இயந்திரத்துக்கு நான் பணம் கொடுத்திருந்தேன், ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் அது அங்கே இல்லை.

நம் மாவட்டத்தில் மார்பிள் கட்டரால் மரம் அறுக்காத வேலையிடம் அரிது. கையடக்கமானது, விலை குறைவு, பையில் அடங்கும். ஆனால் அது கல்லுக்கென்று செய்தது. நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றையும் தாண்டி ஓடும். கல் அறுக்கும் வட்டுக்குப் பல் கிடையாது, உரசித் தேய்க்கும். பல் வைத்த பிளேடோ மரத்தைக் கொக்கி போலப் பிடிக்கிறது. மரம் சற்றுத் திரும்பினாலும், கொஞ்சம் இறுகினாலும், அந்த விசை முழுவதும் நம் கைக்குத்தான் வரும். மைட்டர் ரம்பம் பெரும்பாலும் நான்காயிரம், ஐந்தாயிரம் சுற்றில் ஓடுகிறது. பிளேடைத் தாங்கும் தலை ஒரே பாதையில்தான் இறங்கும். மரம் பின்தடுப்பில் சாய்ந்து அசையாமல் நிற்கும். சிறு வேலைக்காரர்கள் பலரும் அதை வாங்காததற்கோ, வாங்கியும் எடுத்துச் செல்லாததற்கோ விலை மட்டும் காரணமில்லை. எடைதான் பெரிய காரணம். இளைய தச்சர்கள் என்னிடம் எந்த இயந்திரம் வாங்கலாம் என்று கேட்டால், முதலில் உன் வண்டி எது என்று கேட்பது அதனால்தான்.

ஸ்கூட்டரில் போகிறவர் 12 அங்குலத்தை மறந்துவிடலாம். அதில் தண்டில் ஓடும் வகை இருபது கிலோவில் தொடங்கி முப்பதைத் தொடும். தண்டில்லாத 10 அங்குல இயந்திரம் 11 முதல் 15 கிலோவுக்குள் கிடைக்கிறது. ஏழேகால் அங்குலமும் அதற்குக் குறைவான பிளேடும் கொண்ட பேட்டரி இயந்திரங்கள் ஏழெட்டுக் கிலோவிலிருந்தே கிடைக்கின்றன. கடையில் எடைச் சீட்டை மட்டும் படித்துத் திரும்பாமல், கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி நான்கு படி ஏறிப் பாருங்கள். சிலவற்றில் கைப்பிடி ஓரமாக இருக்கும், காலில் இடித்துக்கொண்டே வரும். தலையைத் தாழ்த்திப் பூட்டும் ஊசி இல்லாத இயந்திரத்தை வண்டியில் ஏற்றவே கூடாது.

எடை குறைந்தால் அறுக்கும் அகலமும் குறையும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் அகலம் நேர்வெட்டுக்கானது. 45 டிகிரிக்குத் திருப்பினால் அது ஏறக்குறைய பத்தில் ஏழாகச் சுருங்கும். நேராக ஐந்து அங்குலம் அறுக்கும் இயந்திரம் சாய்வில் மூன்றரை அங்குலம்தான் அறுக்கும். ஆகவே நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையில் மூலை சேர்க்க வேண்டிய மிக அகலமான துண்டு எது என்று பாருங்கள். பீடிங், படச்சட்டம், அலமாரி முகச்சட்டம் என்றால் மூன்று அங்குலத்துக்குள் முடிந்துவிடும், சிறிய இயந்திரமே போதும். 5க்கு 3 அங்குல நிலைச்சட்டத்தை இதில் ஒரே வெட்டில் எதிர்பார்க்காதீர்கள். அதைப் பட்டறையில் அறுத்து முடித்தே கொண்டு போக வேண்டும். அகலப் பலகையும் வேண்டும், எடையும் தாங்கலாம் என்றால் எட்டரை அங்குலத்தில் தண்டு வைத்தது இருக்கிறது. அது ஓர் அடி அகலம் வரை போகும். நான் இப்போது வைத்திருப்பது அதுதான்.

துல்லியத்தைக் கடையிலேயே சோதிக்கலாம். ஒரு நேரான பலகையை 90 டிகிரியில் அறுங்கள். ஒரு துண்டை மட்டும் தலைகீழாகப் புரட்டி, இரண்டையும் நேர்விளிம்பில் சாய்த்து முகம் சேருங்கள். இடைவெளி தெரிந்தால் பிழையின் இரட்டிப்பு அது. சட்டம் ஒன்றுக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி ஒரே பக்கம் பிசகினால் கடைசி மூலையில் நான்கு டிகிரி பிளந்து நிற்கும். மரத்தூளும் பசையும் கலந்து அடைக்கிற வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது, அதைப் பார்த்தாலே எனக்கு வருத்தமாக இருக்கும். பிளக் மாட்டாத நிலையில் தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் அசைத்தும் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வேறு இயந்திரம் கேளுங்கள். பழைய வீடுகளில் சுவர் மூலை சரியாக 90 இருக்காது. 92 என்று அளந்தால் பாதி 46, ஆனால் நேர்வெட்டை 0 என்று காட்டும் இயந்திரத்தின் அளவுகோலில் வைக்க வேண்டியது 44. 90இலிருந்து பாதியைக் கழிக்க வேண்டும் என்பதை மறந்து ஒருமுறை ஒரு முழுத் தேக்குச் சட்டத்தை வீணாக்கியிருக்கிறேன்.

பிளேடை இயந்திரத்தோடு வந்தது என்று அப்படியே ஏற்காதீர்கள். பெஞ்ச் ரம்பத்தின் பிளேடில் பற்கள் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதை மைட்டரில் மாட்டினால் மரத்தை மேலே இழுத்துத் தூக்கும். இதற்குப் பற்கள் நேராகவோ சற்றுப் பின்சாய்ந்தோ இருக்க வேண்டும். பீடிங் முகம் சிதறாமல் வர 10 அங்குலத்தில் அறுபது பல்லாவது வேண்டும். நடுத்துளையின் அளவும், பிளேடில் அச்சிட்ட அதிகபட்சச் சுற்றும் இயந்திரத்துக்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்துதான் மாட்ட வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. ஓட்டு வீடு இடிக்கும்போது கிடைக்கும் அயனி, பலா, தேக்குக் கழுக்கோல்களை (கூரை தாங்கும் சாய்மரங்களை) மீண்டும் பயன்படுத்துகிறோம். நல்ல வழக்கம்தான், அந்த மரம் இன்று காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஆனால் தலை முறிந்த பழைய ஆணி உள்ளே புதைந்திருக்கும். காந்தத்தால் தடவிப் பார்க்காமல் ரம்பத்தில் வைக்காதீர்கள். பிளேடின் பல் தெறித்தால் அது முகத்தை நோக்கித்தான் வரும்.

மின்சாரம்: 1,600 வாட் இயந்திரம் ஏழு ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பெரிய பிளக்கில்தான் மாட்ட வேண்டும். நீட்டிப்பு வயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். சுருளாகச் சுற்றிய நிலையில் ஓட்டினால் சூடாகும், முழுவதும் விரித்துவிடுங்கள். தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் நமக்கு உண்டு. ஈரத் தரையில் வயரைக் கிடத்தாதீர்கள்.

எடை குறைந்த இயந்திரம் தானாக நிற்காது. பலகையில் திருகி, அந்தப் பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே வேலை. கை பிளேடிலிருந்து ஆறு அங்குலத்துக்கு அப்பால் இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய துண்டு என்றால் நீளமான மரத்திலிருந்தே அறுத்தெடுங்கள். அறுத்ததும் பிளேடு முழுக்க நின்ற பிறகு தலையைத் தூக்குங்கள். அவசரத்தில் எல்லோரும் தவறவிடுவது இதைத்தான், வெட்டிய துண்டு பறப்பதும் அப்போதுதான். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே சேர்த்துவிட்டது. கைக்குட்டை போதாது, முகத்தில் இறுகப் பொருந்தும் தூசிக் கவசம் வேண்டும். கண்ணாடியும் காதடைப்பானும் கூடவே.

குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் வேலை முடித்து வந்தால் அன்றிரவே தண்டையும் மேசையையும் உலர்ந்த துணியால் துடைத்து, மெல்ல எண்ணெய் தடவி வையுங்கள். உப்புக்காற்று ஒரு வாரத்தில் தண்டைச் சொரசொரப்பாக்கிவிடும். பிறகு தலை தடங்கித் தடங்கி இறங்கும், கை தன்னை அறியாமலேயே அழுத்தத் தொடங்கும்.