கேரவனுக்குள் பெய்யும் மழை

கடும் குளிரில் இரவெல்லாம் ஹீட்டர் ஓடியிருக்கும். விடிந்ததும் கேரவனின் ஜன்னல் திரையை விலக்கினால் கண்ணாடி முழுக்க முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அலுமினியச் சட்டத்தின் அடியில் வழிந்து தேங்கியிருக்கும். சுவரை உற்றுப் பார்த்தால் திருகாணித் தலைகளிலும் ஒவ்வொரு துளி. கூரை ஒழுகுகிறதோ என்று மேலே ஏறிப் பார்ப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் கூரையில் குறை இருக்காது. உள்ளே தூங்கியவர்கள் விட்ட மூச்சுதான் அப்படி நீராகி நிற்கிறது.

சூடான காற்றில் நீராவி நிறையத் தங்கும். குளிர்ந்த காற்றில் கொஞ்சம்தான். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டருக்கு சுமார் 17 கிராம், 0 டிகிரியில் 5 கிராமுக்கும் குறைவு. உள்ளே 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஒப்பு ஈரப்பதமும் (அதாவது காற்று தாங்கக்கூடிய ஆவியில் 60 சதவீதம்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மீது அந்தக் காற்று பட்டாலும் அதிலுள்ள ஆவி நீராகிவிடும். அந்த 12 டிகிரியே அக்காற்றின் பனிப்புள்ளி. ஒற்றைக் கண்ணாடியும், சுவரைத் துளைத்து நிற்கும் உலோகத் திருகாணியும் வெளிக்குளிரை நேராக உள்ளே கொண்டுவருவதால் முதலில் நனைவது அவைதான்.

வீட்டில் இவ்வளவு தொல்லை இல்லாததற்கு முக்கியக் காரணம் இடம். 25 கன மீட்டர் கொள்ளளவுள்ள கேரவனின் காற்று 20 டிகிரியில் முழுக்க நிறைந்தாலும் அதில் இருக்கக்கூடிய ஆவி 430 கிராம்தான். தூங்கும் ஒருவரின் மூச்சும் தோலும் ஓர் இரவில் ஏறத்தாழ கால் லிட்டர் நீரை வெளியே விடும். இருவர் படுத்தாலே கணக்கு மீறிவிடுகிறது. இதில் சமையல் வேறு. ஒரு கிலோ புரொப்பேன் எரிவாயு எரிந்தால் 1.6 கிலோ நீர் உண்டாகிறது. புகைக்குழாய் உள்ள ஹீட்டர் அதை வெளியே தள்ளிவிடும். திறந்த அடுப்பு அத்தனையையும் உள்ளேயே கொட்டும். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்து உட்காருவது, கார்பன் மோனாக்சைடு ஆபத்து ஒருபுறமிருக்க, ஈரத்துக்கும் நல்லதல்ல.

குளிர்கிறதே என்று எல்லாத் திறப்புகளையும் அடைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. வெளியே பனிமூட்டம், காற்றே ஈரமாகத் தெரிகிறது, அதை ஏன் உள்ளே விட வேண்டும் என்று தோன்றும். ஆனால் 0 டிகிரியில் ஈரம் நிறைந்திருக்கும் அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஒப்பு ஈரப்பதம் சுமார் 26 சதவீதமாக இறங்கிவிடும். தாகத்தோடு வரும் காற்று அது. நாம் எடுத்துக்கொண்ட கேரவனின் காற்று ஒருமுறை முழுதாக மாறினால் சுமார் 140 கிராம் ஆவி வெளியேறும். புதுக் காற்றைச் சூடேற்ற ஆகும் செலவு ஒரு யூனிட் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. என்னைக் கேட்டால் இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது. கூரைத் திறப்பையும் எதிர்ப்பக்க ஜன்னலையும் விரல் அளவு திறந்து வைத்தால் போதும். நிரந்தரக் காற்றுத் துளைகளை ஒருபோதும் அடைக்கக் கூடாது.

கனமான திரை மட்டும் உதவாது. அது அறையின் வெப்பத்தைக் கண்ணாடியிடம் போகவிடாமல் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கண்ணாடி இன்னும் குளிர்ந்து இன்னும் நனையும். வெப்பக்காப்பு விரிப்பைக் கண்ணாடியின் வெளிப்புறம் மாட்டினால் கண்ணாடியே சற்று வெதுவெதுப்பாக இருக்கும்.

மெத்தையின் மூலையையும் தூக்கிப் பாருங்கள். அடிப்பலகை ஈரமாக இருந்தால், காற்று புகும்படி இடைவெளி விட்ட மரச்சட்டங்களை அடியில் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். காலையில் கண்ணாடியைத் துடைத்த துணியை வெளியே பிழிந்து, வெளியிலேயே காயப்போடுங்கள். உள்ளே போட்டால் துடைத்த நீரெல்லாம் திரும்பக் காற்றில் ஏறி, இரவில் அதே கண்ணாடிக்கு வந்து சேரும்.