பேய்ச்சுரம்: ‘கோஸ்ட் நோட்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

வால்வு ஆம்ப் (கண்ணாடிக்குழல் வால்வுகளால் இயங்கும் ஒலிபெருக்கி) வைத்துக் கிட்டார் வாசிப்பவர்கள், விரல் தொடாத ஒரு சுரம் தாம் வாசித்த சுரத்தோடு ஒட்டிக்கொண்டு ஒலிப்பதைக் ‘கோஸ்ட் நோட்’ என்கிறார்கள். முதல் தந்தியின் மேற்கட்டங்களில் (ஃப்ரெட்) ஒற்றைச் சுரத்தை நீட்டி வாசிக்கும்போது, அதிலும் ஆம்ப் திணறும் அளவுக்கு ஒலியைக் கூட்டும்போது, இது தெளிவாகக் கேட்கும். டிரம்ஸ் கலைஞர்கள் வேண்டுமென்றே மெலிதாகத் தட்டும் அடிக்கும் இதே பெயர்தான். அது வாசிப்பவரின் நயம். இங்கே பேசப்படுவது கருவியின் குறை.

‘கோஸ்ட்’ பழைய ஆங்கிலத்தில் ‘காஸ்ட்’ என வழங்கியது. மூச்சு, உயிர், ஆவி என்பன அதன் பொருள்கள். ஜெர்மன் மொழியின் ‘கைஸ்ட்’ அதற்கு உறவுச்சொல். இறந்தவரின் உருவம் என்ற பொருள் பின்னாளில் மேலோங்கியது. அதிலிருந்து, இருப்பதுபோல் தோன்றி உண்மையில் இல்லாத பலவற்றுக்கும் அது பெயராயிற்று. கூரையில் ஆன்டெனா வைத்துத் தொலைக்காட்சி பார்த்த காலத்தில், மலைச்சரிவில் பட்டுத் திரும்பிய அலை சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்ததால் ஒவ்வோர் உருவத்தின் பக்கத்திலும் மங்கலாக இன்னோர் உருவம் தெரியும். பொறியாளர்கள் அதையும் ‘கோஸ்ட்’ என்றே குறித்தார்கள்; குன்னூரில் எங்கள் வீட்டில் ‘நிழல் விழுகிறது’ என்போம்.

ஆம்பில் இந்தப் பேய் எங்கிருந்து வருகிறது? நம் வீட்டுக்கு வரும் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. ஆம்புக்குள் இருக்கும் ரெக்டிஃபையர் அதை ஒரே திசையில் ஓடச் செய்யும்போது, சுழற்சிக்கு இரண்டாக நொடிக்கு 100 மேடுகள் உண்டாகின்றன. அவற்றை நிரவிச் சமமாக்குவது, மின்னைத் தேக்கி விடுவிக்கும் ஃபில்டர் கண்டென்சர்களின் வேலை. அவை முழுமையாக நிரவாவிட்டாலும் ஆம்ப் சும்மா இருக்கும்போது குறை வெளியே தெரிவதில்லை; எதிரெதிராக இயங்கும் இரண்டு பவர் வால்வுகளிலும் அந்த மேடுபள்ளம் ஒரே அளவில் வந்து, வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஓங்கி வாசிக்கும்போது நிலைமை மாறுகிறது. வால்வுகள் அதிக மின்னோட்டத்தை இழுப்பதால் மேடுபள்ளம் பெரிதாகிறது. ஒரு வால்வு ஓய்ந்திருக்கும் கணத்தில் மற்றது மட்டும் இயங்குவதால் அதை அழிக்கத் துணையும் இல்லை. ஆகவே வாசித்த சுரத்தின் வலிமையே நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றத்தாழ்வு காதுக்குப் புதிய சுரங்களாகக் கேட்கிறது.

முதல் தந்தியின் ஐந்தாம் கட்டத்தில் 440 ஹெர்ட்ஸ் சுரத்தை வாசித்தால், 100-ஐக் கழித்து 340-உம் கூட்டி 540-உம் உடன் எழும். கிட்டாரின் இயல்பான மேற்சுரங்கள் 880, 1320 என மடங்குகளாக வருவதால் அவை சுரத்துக்கு அழகு சேர்க்கின்றன. 340-ஓ 540-ஓ மடங்கும் அல்ல, எந்தக் கட்டத்திலும் கிடைக்கும் சுரமும் அல்ல. இரண்டு கட்டங்களுக்கு நடுவே விழுகின்றவை. தந்தியை இழுத்துச் சுரத்தை 494-க்கு உயர்த்தினால் கீழே இருப்பது 394 ஆகும். இடைவெளி எப்போதும் 100 ஆகவே இருப்பதால், இரண்டு சுரங்களுக்கும் உள்ள இசையுறவு நழுவிக்கொண்டே போகிறது. காதைக் கூசச் செய்வது இந்த நழுவல்தான் என்பது என் எண்ணம்.

1932 முதல் பைக்காராவில் நீர்மின்சாரம் எடுக்கும் எங்கள் நீலகிரி மலையிலும் சுழற்சி 50தான். ஆனால் ஆம்ப் பற்றிய குறிப்புகளைப் பெரும்பாலும் 60 சுழற்சி மின்சாரமுள்ள அமெரிக்காவிலிருந்து பெற்றுப் படிக்கிறோம். அங்கே கூட்டவும் கழிக்கவும் வேண்டிய எண் 120.

என் ஆம்பில் இந்த ஓசை முதலில் எழுந்தபோது, என் விரல் பக்கத்துத் தந்தியில் படுவதாக ஒரு பழுதுபார்க்கும் கடையில் சொன்னார்கள்; பல மாதம் விரலைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆடி மழையில் மரம் விழுந்து மின்சாரம் நின்ற ஒரு மாலை, ஜெனரேட்டரில் வாசித்தபோது அந்த அயலோசை மட்டும் சற்றே இடம் மாறியிருந்தது. என் சுரம் மாறவில்லை. ஜெனரேட்டரின் வேகம் 48 சுழற்சிக்கு இறங்கினால் 340 ஹெர்ட்ஸ் 344 ஆகும் என்று பிறகு கணக்கிட்டபோது, குறை விரலில் இல்லை என்பது உறுதியாயிற்று. வயதாகி உலர்ந்துபோன ஃபில்டர் கண்டென்சர்களை மாற்றியதும் அது மறைந்தது. மாற்றும்போது அளவை மனம்போல் கூட்டலாகாது; ஜிஇசட் 34 ரெக்டிஃபையர் வால்வை அடுத்து வரும் முதல் கண்டென்சருக்கு 60 மைக்ரோஃபாரட் என்பது வரம்பு. மின்இணைப்பைத் துண்டித்த பிறகும் 400 வோல்ட்டுக்கு மேல் அதில் தேங்கி நிற்கக்கூடும். உயிரைப் பறிக்கும் அளவு அது. தெரிந்தவரிடமே ஒப்படையுங்கள்.

இனி, சொல். ‘அபசுரம்’ பொருந்தாது, அது வாசிப்பவரின் பிழை. ‘அன்னிய சுரம்’ சில இராகங்கள் விரும்பி ஏற்கும் விருந்தாளி. பழந்தமிழ் இசையிலக்கணம் யாழின் ஓசைக் குற்றங்களாகச் செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என நான்கைச் சொல்லி, அவற்றை யாழ் செய்த மரத்தின் குற்றங்களோடு இணைக்கிறது. அவற்றுள் செம்பகை என்பது பண்ணோடு பொருந்தாத, இன்பமற்ற ஓசை. கருவியின் குறையை வாசிப்பவர் தலையில் சுமத்தாத அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. எனினும் அது பொதுச்சொல், இந்த ஒரு குறைக்கு மட்டும் உரியதன்று.

‘பேய்’ என்பதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். கானல்நீருக்குத் தமிழ் ‘பேய்த்தேர்’ என்று பெயரிட்டது. உண்ணத் தகாத கசப்புச் சுரையைப் ‘பேய்ச்சுரை’ என்றது. உண்மையானது போலிருந்து உண்மையாகாததைக் குறிக்க அந்த முன்னொட்டு நம்மிடம் ஏற்கெனவே உண்டு. ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. ‘ஆவிச்சுரம்’ என்றால் இந்தப் பொருள் கிடைக்காது. சுரம் என்பதற்குக் காய்ச்சல், பாலைவழி என்னும் பொருள்களும் உண்டென்றாலும், ‘ஆம்பில் பேய்ச்சுரம் கேட்கிறது, கண்டென்சரைப் பார்க்க வேண்டும்’ என்று ஒருவர் சொல்லும்போது குழப்பம் எழ இடமில்லை.