நடங்கள் என்கிறோம், எங்கே நடப்பது?

வேலூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். மூட்டுவலி, சர்க்கரை என்று வருகிறவர்களிடம் தினமும் நடக்கச் சொல்லி அனுப்புவேன். அவர்கள் தெரு எப்படி இருக்கும் என்று ரொம்ப நாள் கேட்டதே இல்லை.

கேட்க வைத்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. கொசப்பேட்டையில் பல வருடம் இருந்தவர், மகன் காட்பாடிப் பக்கம் புது மனைப்பிரிவில் வீடு கட்டியதும் கூடவே போனார். கொஞ்ச மாதத்திலேயே தொடைத் தசை இளைத்து, கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. "எங்க போறது சார்? வலிச்சா உட்கார இடமில்ல, பேச ஆளில்ல" என்றார்.

பழைய தெருவில் அவர் உடற்பயிற்சி என்று எதையும் செய்ததில்லை. பாலுக்கு, பூவுக்கு, கோயிலுக்கு என்று போவார், வழியில் மூன்று வீட்டுத் திண்ணை, முட்டி வலித்தால் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டு எழுந்து நடப்பார். அந்த உட்கார்ந்து எழுவதைத்தான் இப்போது கிளினிக்கில் எண்ணி எண்ணிச் செய்ய வைக்கிறேன்.

புதுத் தெருவைப் போய்ப் பார்த்தேன். இருபுறமும் ஆளுயரக் காம்பவுண்டு, வண்டி ஏற்றுவதற்காக ஒவ்வொரு கேட்டிலிருந்தும் சாலைவரை இறங்கும் சிமென்ட் சரிவு. அதில் கால் வைத்தால் கணுக்கால் பிசகும், ஒதுங்கினால் நடுரோடு. மரம் கிடையாது; நம்ம ஊர் வெயில் எட்டு மணிக்கே மண்டையைப் பிளக்கிறது. கடை மெயின்ரோட்டில்தான்.

பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உழைப்பாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020இல் எடுத்துவிட்டார்கள். ஆக, கடைக்குப் போக நாலு நிமிடம், வர நாலு நிமிடம் என்பதும் சேரும், கடை அவ்வளவு பக்கத்தில் இருந்தால்.

மனை வாங்கும்போது பட்டா, தண்ணீர், வாஸ்து எல்லாம் பார்க்கிறோம். பூங்கா இடம் எங்கே என்றும் கேளுங்கள். தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்கியாக வேண்டும். அந்த இடம் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் ஆகிவிட்டதா, முள்மண்டிக் கிடக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

அந்த அம்மாவின் மகனிடம் ஒன்றுதான் கேட்டேன். காம்பவுண்டில் ஆறடியை இடித்து உள்ளே தள்ளி, தெருவைப் பார்த்தபடி ஒரு கல் திண்ணை போட்டார். தாழ்வாக இருந்தால் எழ முடியாதே என்று முழங்கால் உயரத்துக்கு ஏற்றச் சொன்னேன். பக்கத்தில் ஒரு புங்கன் கன்றும் நட்டார்கள். முதலில் வந்து உட்கார்ந்தது கீரைக்காரம்மா, அப்புறம் எதிர்வீட்டுத் தாத்தா. இரண்டாவது திண்ணை யார் வாசலில் என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள்.